இரண்டாவது அளவு

நான் வேலை பார்த்த பிரசவ விடுதியை மூடியபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடங்களுக்கு மேல் அங்கே உதவியாளராக இருந்தேன். நர்ஸ் படிப்பு கிடையாது, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, கட்டில் துணி மாற்றுவது, ஆள் குறைந்த நாட்களில் ரத்த அழுத்தம் பார்த்து எழுதிவைப்பது என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்தேன். என் கணவர் காஞ்சிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். மகள் கல்யாணமாகி ஆம்பூரில் இருக்கிறாள். விடுதி மூடியதும் இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். பகல் மிக நீளமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு விஞ்ஞானி எங்கள் ஊருக்கு வந்தார். நாங்கள் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டோம். என்னைவிடப் பத்து வயது இளைய பெண், தெற்கத்திக்காரர். இதய மருத்துவம் படித்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சில வருடம் இருந்துவிட்டு, ஆராய்ச்சிப் பக்கம் போனவர். மாரடைப்பும் பக்கவாதமும் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் செய்ய முடிவதைவிட, வருவதற்கு முன்னால் வீட்டில் செய்ய முடிவது அதிகம் என்பது அவருடைய எண்ணம். அதற்கு டாக்டர்கள் வீடு வீடாகப் போகத் தேவையில்லை, தெருவில் நாலு பேருக்குத் தெரிந்த பெண்கள் போதும் என்றும் நினைத்தார். இன்றைக்கு இது யாருக்கும் புதிதாகத் தெரியாது. அவர் ஆரம்பித்தபோது கூடப் படித்தவர்களே சிரித்தார்களாம். பத்தாவது படித்தவர்கள் கையில் இதய மருத்துவத்தைக் கொடுப்பதா என்று கேட்டார்களாம். இதை அவர் ஒரு நாள் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி.

“யாராவது கதவைத் தொறக்கலன்னா என்ன செய்வீங்க?”

“அடுத்த வீட்டுக்குப் போவேன். திரும்பி வரும்போது இன்னொரு தபா தட்டுவேன்” என்றேன்.

அடுத்த வாரம் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று பெண்கள் இருந்தோம். பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார். அங்கே இரண்டு வாரம் பயிற்சி. ரத்த அழுத்தம் பார்ப்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே அது போயிற்று. ஆளை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் இருக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் எதன் மேலாவது தாங்கி இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு மெஷினின் பட்டையைக் கையில் சுற்றி ஓர் அளவு. இரண்டு நிமிடம் விட்டு இரண்டாவது அளவு. இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் மூன்றாவது.

“முதல் அளவு மனுஷன் எங்கிருந்து வந்தான்னு சொல்லும். இரண்டாவதுதான் அவன் எப்படி இருக்கான்னு சொல்லும்” என்பார் டாக்டர். நாங்கள் தலையாட்டினோம்.

எனக்குக் கிடைத்தவை காஞ்சிபுரம் டவுனில் இரண்டு தெருக்களும் ஐயம்பேட்டையும். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போவேன். அங்கே என் பங்குக்கு வந்த வீடுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் தறி இருந்தது. நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோரும் என்னை நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். ரம்ஜான் நோன்பு மாதத்தில் நான் வெயிலில் நடந்து வருவதைப் பார்த்து, தண்ணீர்கூட நீட்ட முடியவில்லையே என்று ஒரு வீட்டுக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவரைப் பற்றியும் அவர் மனைவியைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன்.

அவர் பட்டு நெய்கிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறி அவருடையது. மனைவி பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு, நெய்வதற்கான நூலைச் சின்னக் கட்டையில் சுற்றித் தருவார். அதைத் தார் என்பார்கள். கணவர் கை நீட்டும் நேரத்தில் தார் தயாராக இருக்க வேண்டும். இருவரும் நாள் முழுக்க ஏழெட்டு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை போனபோது அவர் குழியிலிருந்து எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் என்றேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஓர் அளவு எடுத்தேன். பட்டையை நானே அவிழ்ப்பதற்குள் அவர் அவிழ்த்துவிட்டார்.

“இன்னும் ஒருதபா எடுக்கணும்ங்க.”

“இன்னாத்துக்குமா? மெஷின் தப்பாவா காட்டுது?”

“இல்ல, ரூல்ஸ் அப்டி.”

“கரை வேலை நடந்துக்கினு இருக்குதுமா. எந்திரிச்சி வந்தா மறுபடி கைக்கு வர நேரமாவும். ஒண்ணு போதும், உட்டுடு.”

நான் விட்டுவிட்டேன். வெளியே வந்து, அடுத்த வீட்டுப் படியில் நின்று, நோட்டில் இரண்டாவது கட்டத்தில் முதல் அளவைவிட இரண்டு குறைத்து எழுதினேன். காலியாக விட்டால் கேள்வி வரும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அது பொய் எழுதுவதாகத் தோன்றவில்லை. பாவம், வேலை செய்கிற மனிதன் என்றுதான் தோன்றியது. அவர் மனைவிக்கும் ஒரே அளவுதான் எடுத்தேன். ராட்டை நிற்கக் கூடாது என்று அவரும் அவசரப்பட்டார். அடுத்த வீட்டிலும் தறி. அதற்கடுத்ததிலும் தறி. இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் கேட்காமலேயே நான் ஒரே அளவோடு எழுந்துகொள்ள ஆரம்பித்தேன். சில சமயம் இரண்டு குறைத்தேன், சில சமயம் நான்கு. டவுன் தெருக்களில் அப்படிச் செய்யவில்லை. அங்கே மனிதர்கள் உட்கார்ந்தார்கள்.

இது இரண்டு மாதம் நடந்தது.

டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை மாடி அறையில் உட்கார்ந்து எங்கள் நோட்டுகளைப் படிப்பார். படிப்பார் என்றால் கதைப் புத்தகம் படிப்பது மாதிரி, ஒவ்வொரு வரியாக. அந்த மாதம் என் நோட்டில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, ஐயம்பேட்டையில மட்டும் இரண்டாவது அளவு எப்பவும் ரெண்டு குறைச்சலா இருக்கு. இல்லாட்டி நாலு. டவுன்ல அப்படி இல்லையே. ஏறுது, இறங்குது, சில சமயம் ஒரே மாதிரி இருக்கு.”

“மெஷின் எதனா ரிப்பேரா இருக்குமோ” என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். கட்டத்தில் எழுதிய எண்களைவிட அதுதான் பெரிய பொய்.

“இருக்கலாம். நாளைக்கு அதே மெஷினை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போவோம்” என்றார். குரலில் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் எங்களோடு இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். பேச முடியவில்லை. ஐயம்பேட்டையில் இறங்கி ஆட்டோ நகர்ந்ததும் சொல்லிவிட்டேன். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் எடுக்காமல் எழுதினேன் என்றேன்.

அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். “எத்தனை வீடு?”

“பாதிக்கு மேல.”

“முதல்ல எந்த வீட்டுல ஆரம்பிச்சீங்க?”

காட்டினேன். அந்த வீட்டுக்கே போனோம்.

நெசவாளர் குழியிலிருந்து எழுந்து வந்தார். டாக்டரை யார் என்று சொன்னேன். மரியாதைக்காகவோ என்னவோ, இந்த முறை முழு ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தார். முதல் அளவு நூற்று ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிடம் கழித்து நூற்று நாற்பத்தொன்று. டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எழுதியிருந்தால் நூற்று ஐம்பத்தாறு என்று எழுதியிருப்பேன்.

“நர்சம்மா ஒருதபா பாத்துட்டுப் போய்டுவாங்க” என்றார் நெசவாளர். என்னைக் காட்டிக்கொடுக்க அல்ல, என் வேலையைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். “போன மாசம் பிரஷர் ரொம்ப இருக்குதுன்னு சீட்டு குட்த்தாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க குந்த வெச்சி, குந்த வெச்சிப் பாத்துட்டு, அவ்ளோ ஒண்ணும் இல்ல, உப்பக் கொறச்சிக்கோன்னு அனுப்சிட்டாங்க. ஒரு நாள் பூரா போச்சி.”

அவருடைய இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றப் போய் ஒரு நாளை வீணடித்திருந்தேன்.

டாக்டர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். “எங்க தப்புங்க” என்றார். நெசவாளருக்கு எது தப்பு என்று புரியவில்லை. பரவால்லமா என்றார்.

பிறகு மனைவியை உட்காரச் சொன்னோம். முதல் அளவு நூற்றுப் பதினெட்டு. போன இரண்டு முறையும் கிட்டத்தட்ட இதேதான், நானும் நல்லது என்று எழுதிக்கொண்டு கிளம்பியிருந்தேன். இரண்டாவது அளவு நூற்று நாற்பத்திரண்டு. மூன்றாவது முறை மெஷின் வெகுநேரம் காற்றடித்து, இறக்கி, மறுபடி அடித்து, கடைசியில் எண்ணே காட்டாமல் நின்றுவிட்டது. டாக்டர் மெஷினை ஒதுக்கிவிட்டு அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணினார். பிறகு என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். துடிப்பு இரண்டு வேகமாக வந்தது, ஒன்று காணாமல் போனது, பிறகு மூன்று நெருக்கமாக வந்தது. இருபது வருடம் எத்தனையோ பேர் கையைப் பிடித்திருக்கிறேன். அப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

“மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“வாங்குது. வயசாவுதில்ல.”

“கை கால் மரத்துப்போறது, பேச்சு குழர்றது, அந்த மாதிரி எப்பவாவது?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லமா.”

தறியிலிருந்து கணவர் சொன்னார். “அன்னிக்குக் கை உழுந்துச்சே. அத்தச் சொல்லு.”

“அது இன்னா பெரிய விசயமா. கொஞ்ச நேரம் தார் கையில நிக்கல. நழுவிக்கினே இருந்துச்சி. இவரு கூப்டாரு, பதில் சொல்ல வாய் வரல. கீழ குந்திக் காப்பி குடிச்சேன், சரியாப் பூடிச்சி.”

“எப்போ?”

“போன அமாவாசைக்கு முன்ன.”

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். அதற்கு முன்னால் இரண்டு முறை நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன்.

டாக்டர் வெளியே போய் மூன்று பேருக்கு போன் செய்தார். அன்றைக்கே ஒரு ஆட்டோ பிடித்து காஞ்சிபுரத்தில் ஈசிஜி எடுத்தோம். மறுநாள் சென்னை. நானும் கூடப் போனேன். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்றில் இதயத்தின் வால்வு கெட்டு, வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் துடிப்பும் ஒழுங்கு தவறிவிட்டது. உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, சின்னத் துணுக்கு ஒன்று மூளைக்குப் போய்த் தானே கரைந்திருக்கலாம் என்றார்கள். தார் நழுவியது அதனால்தான். அடுத்தது பெரிதாக வந்திருந்தால் கை அப்படியே நின்றிருக்கும், அல்லது ஆளே இருந்திருக்க மாட்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து, தொடையில் குழாய் விட்டு, சின்ன பலூன் ஒன்றால் வால்வை விரித்தார்கள். அந்த அம்மா திரும்பி வந்து மறுபடி ராட்டையில் உட்கார்ந்தார். மாடி ஏறும்போது முன்போல மூச்சு வாங்குவதில்லை என்று சொன்னார். தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் தப்பித்தேன்.

சென்னையிலிருந்து வந்த அடுத்த நாள் மாடி அறைக்குப் போனேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்து, அறைச் சாவியையும் மெஷினையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். டாக்டர் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். நான் இட்டுக்கட்டிய ஒவ்வொரு கட்டத்திலும் ‘எடுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பழைய எண்ணை அடிக்கக் கூடாது, அது தெரியும்படி இருக்க வேண்டும். எழுதி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் அதே அறையில் லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். இடையில் ஒரு முறை டீ வரவழைத்தார்.

முடித்ததும் கேட்டார். “இப்ப சொல்லுங்க அக்கா. ஏன் எடுக்கல?”

சோம்பல் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் அவர் நோட்டை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். அதனால் முழுவதையும் சொன்னேன். குழியிலிருந்து ஒரு மனிதன் எழுந்து வருவது எப்படி இருக்கும், நடுவில் எழுந்தால் கை மறுபடி படிய எவ்வளவு நேரமாகும், நாற்காலியில் சும்மா உட்காரும் ஐந்து நிமிடத்தில் அவர்கள் முகம் எப்படிப் போகும் என்றெல்லாம்.

“இதை ஏன் முதல்லயே என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே டாக்டர். எப்டி எடுக்கணும்னுதான் சொன்னீங்க. எடுக்க முடியுதான்னு கேக்கல.”

அவர் அடுத்த வாரம் தனியாக ஐயம்பேட்டைக்குப் போய் ஒரு தறி வீட்டில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். திரும்பி வந்ததும் எங்கள் மூவரையும் கூட்டிவைத்து, வேலை முறையை மறுபடி எழுத ஆரம்பித்தார். காலையில் தறியில் இறங்குவதற்கு முன்னால் போவது என்று முடிவானது. நீளவாட்டு நூலான புதுப் பாவைத் தறியில் பிணைக்கும் நாட்களில் நெய்கிறவர் சும்மா இருப்பார், அந்த நாட்களைக் கேட்டு வைத்துக்கொள்வது என்பது எங்களில் ஒருத்தி சொன்னது. மனைவிக்கு அளவு எடுக்கும் நேரத்தில் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அவருடைய ஐந்து நிமிடம் தானாகவே கழிந்துவிடும் என்று நான் சொன்னேன். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் ஒரு முறையாவது கையால் நாடி பார்க்க வேண்டும் என்பதையும் அன்றுதான் சேர்த்தார். இரண்டாவது அளவு முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுக் காரணம் எழுதலாம், அதற்காக யாரையும் கேள்வி கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

அந்த முறைதான் இன்று வேறு ஊர்களிலும் நடக்கிறது. அவர் பெயரைச் சொல்லிப் பேசும் பெரிய டாக்டர்கள் மருந்துகளைப் பற்றியும் கட்டுரைகளைப் பற்றியும் சொல்கிறார்கள். அவை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்று: ஒரு வேலைக்காரி பொய் எழுதினால் அவளைத் திட்டிவிட்டு மேலே போகிறவர்கள் அதிகம். இவர் அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று பார்த்து, தன் பங்கைத் திருத்திக்கொண்டார்.

அவரிடம் எனக்குக் கோபமே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வருடம் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு எங்கள் மூவரையும் வேனில் அழைத்துப்போனார். பெரிய ஹால், குளிர் அதிகம், மேடையில் ஆங்கிலம். அவர் பேசும்போது திரையில் ஒரு நோட்டுப் பக்கம் வந்தது. என் கையெழுத்து. பெயரை மறைத்திருந்தார், சிவப்பு மையை மறைக்கவில்லை. ஏதோ சொன்னார், ஹாலில் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்தவரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவரிடமே சொன்னேன். “அந்தப் பக்கத்தக் காட்றதுக்கு முன்ன என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

அவர் முகம் மாறியது. “கேட்டிருக்கணும். தோணவே இல்ல. உங்களைப் பாத்துச் சிரிக்கல அக்கா, நான் போட்ட ரூலைத்தான் கிண்டல் பண்ணினேன். ஆனா உங்களுக்கு அது எப்படித் தெரியும்? தப்புதான்.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை அவர் எங்கும் காட்டவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நீங்களே தமிழில் பேசுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அவர் மேல் எனக்கிருந்த மரியாதை அதனால் குறையவில்லை, கூடவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இருவரும் கொஞ்சம் சமமாகப் பேசிக்கொண்டோம்.

இப்போது அவர் வேறு மாநிலத்தில் இதே வேலையை ஆரம்பித்திருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். இடையில் போனில்தான் பேச்சு. ஓரிக்கையில் புதிதாகச் சில தெருக்கள் சேர்ந்திருக்கின்றன, அவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன ஐப்பசியில் ஐயம்பேட்டைக்குப் போனபோது அந்த அம்மா ராட்டையருகில் சோர்வாக இருந்தார். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

“ஏன்மா எடுத்துக்கல?”

“சஷ்டி விரதம் நர்சம்மா. பால் பழம்கூட ராத்திரிதான். காலைல மாத்திர போட்டா விரதம் கெட்டுப் பூடும்ல.”

எனக்கு உடனே பயம் வந்தது, கோபமும் வந்தது. வாசலில் நின்று டாக்டருக்கு போன் போட்டேன். சத்தம் போடாதீங்க, விரதம் எப்ப முடிக்கிறாங்கன்னு கேளுங்க என்றார். பொழுது சாய்ந்து முருகன் கோயிலுக்குப் போய் வந்ததும் என்று அந்த அம்மா சொன்னார். அப்படியானால் மாத்திரையை ராத்திரி வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம், தினமும் அதே நேரமாக இருந்தால் சரி, இன்றைக்கே ஆரம்பிக்கட்டும், விட்டுப்போனதைச் சேர்த்து எடுக்க வேண்டாம், இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்றார். அதைச் சொன்னேன்.

“உங்க நோன்புல மாத்திர எடுப்பாங்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“முடியாதவங்க நோன்பே வெக்க வாணாம்னு இருக்குதும்மா. வெச்சே ஆவணும்னு நெனக்கிறவங்க நேரத்த மாத்திக்குவாங்க.”

“அப்ப அல்லாரும் ஒரே மாதிரிதான்” என்றார். அட்டையை வாங்கி, கோயிலுக்கு எடுத்துப்போகும் தட்டில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவருடைய கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ரத்தம் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. மாத்திரையின் அளவைச் சற்றுக் கூட்டினார்கள். அடுத்த மாதம் சரியாகிவிட்டது என்று அவர் கணவர் போனில் சொன்னார்.